மாமி, கட்டையைக் குடுங்கோ, காத்திருக்க விடாதேங்கோ

அன்புள்ள மாமிக்கு,

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதற்கிழமையே ரொறன்ரோவிலிருந்து பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள் என்றும், ஆசையாய் வாங்கி வைத்த லூடோ இரண்டாம் நாளே அழுகையில் முடிந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு நாலு, ஆறு, ஒன்பது வயது. திருவிழா 25 நாள். காலையும் பின்னேரமும் கோயில், இடையில் மத்தியான வெயிலுக்குள் வெளியில் விட ஏலாது. அந்த நேரத்துக்குத் தாயக்கட்டை, அதாவது ஆறு பக்கப் புள்ளிக் கட்டை, மிக நல்ல சாமான். இதே நிலையில் வேறு அம்மம்மாமாரும் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

பிழை பிள்ளைகளில் இல்லை மாமி, லூடோவின் சட்டத்தில் இருக்கிறது. ஆறு விழுந்தால்தான் காய் இறங்கும் என்கிறது அது. பத்துத் தரம் உருட்டியும் ஒரு ஆறுகூட விழாமல் போவது ஏறக்குறைய ஆறில் ஒரு பிள்ளைக்கு நடக்கும். மூன்று பிள்ளைகளில் ஒருத்தருக்காவது அப்படி நடக்க நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. நீங்களும் சேர்ந்து நாலு பேர், ஒருவரின் முறைக்கு அரை நிமிடம் என்று வையுங்கோ. பத்து முறை வந்து போக இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் நாலு வயதுப் பிள்ளை ஒரு காயும் இறக்காமல், அண்ணா அக்காவின் காய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அழாமல் என்ன செய்யும்? எங்கள் ஊர்த் தாயம் இதைவிடக் கடினம். நாலு பக்க நீட்டுக்கட்டை இரண்டை உருட்டித் தாயம், அதாவது ஒன்று, விழ எட்டில் ஒரு வாய்ப்புத்தான். அது பொறுமை பழகிய பெரியவர்களின் ஆட்டம்.

சின்னப் பிள்ளைகளோடு வேகமாக விளையாடுவது என்றால் கையை வேகமாக ஆட்டுவது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. யாரும் யாருக்காகவும் காத்திருக்காததுதான் வேகம். முறை வைத்து ஆடாமல், எல்லாருக்கும் சொந்தக் கட்டை கொடுத்து ஒரே நேரத்தில் உருட்ட விடவேண்டும்.

அதற்கு ஆளுக்கு ஐந்து கட்டை வேண்டும். நாலு பேருக்கு 20. லூடோப் பெட்டிக்குள் வரும் குட்டிக் கட்டை சரிவராது, புள்ளி சின்னன், பிள்ளை குனிந்து தேடும். பக்கம் 16 மில்லிமீற்றர் உள்ள சாதாரணக் கட்டையே நல்லது. தச்சரிடம் சொல்லி மரத்தில் வெட்டுவிப்பதானால் 2 சென்ரிமீற்றர் வைக்கச் சொல்லுங்கோ, மூலைகளைச் சாண்ட்பேப்பரால் உருட்டி விடவேண்டும், புள்ளியைக் கியூட்டெக்ஸால் வைக்கலாம். எதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு வரவேண்டும்: ஒன்றுக்கு எதிரே ஆறு, இரண்டுக்கு ஐந்து, மூன்றுக்கு நாலு. வெட்டிய கட்டை சரியா என்று பார்க்க 60 தரம் உருட்டி எழுதுங்கோ. ஒவ்வொரு எண்ணும் பத்துக்குக் கிட்ட வரும். ஐந்திலிருந்து பதினைந்து வரை பரவாயில்லை. ஒரு எண் இருபது தரம் விழுந்தால் அந்தக் கட்டை ஒரு பக்கம் கட்டையாக வெட்டுப்பட்டிருக்கும், ஒதுக்கி விடுங்கோ. இந்தச் சோதனையை ஒன்பது வயதுக்காரனிடம் கொடுத்தால் அரை மணித்தியாலம் தானே போகும்.

அடுத்தது உருட்டும் இடம். வெறும் சீமெந்து நிலத்தில் கட்டை துள்ளி அலுமாரிக்குக் கீழே போய்விடும், ஆட்டத்தின் பாதி நேரம் தேடலில் போகும். ஆளுக்கொரு சுளகு கொடுங்கோ. மூன்று பக்கமும் வரம்பு இருக்கிறது, திறந்த பக்கத்தைப் பிள்ளையின் மடிப்பக்கம் திருப்பி வைத்தால் சறுக்கும் கட்டை மடியில் விழும். நாலு சுளகு இல்லையென்றால் சாப்பாட்டுத் தட்டில் பழைய துவாயை மடித்து விரித்தால் போதும். துவாய் இல்லாத எவர்சில்வர் தட்டில் இருபது கட்டை விழுகிற சத்தத்தைப் பத்து நிமிடத்துக்குமேல் தாங்க ஏலாது. நாலு வயதுக் கையில் ஐந்து கட்டை நிற்காது, ஒரு சின்னப் பிளாஸ்ரிக் தேத்தண்ணிக் கோப்பை கொடுங்கோ. அதற்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. கையால் உருட்டுகிற சின்னப் பிள்ளை, ஆறை மேலே திருப்பி மெதுவாக வைத்துவிடும். அதைக் கள்ளம் என்று ஏசவேண்டாம், அந்த வயதில் எண்ணம் "ஆறு வேண்டும்" என்பது மட்டும்தான். கோப்பையைக் குலுக்கிக் கவிழ்த்தால் அந்தப் பிரச்சினையே வராது.

இப்போது ஆட்டம். பெயர் "ஆறு வேட்டை" என்று வையுங்கோ. எல்லாரும் ஒரே நேரத்தில் ஐந்து கட்டையையும் உருட்டுவார்கள். விழுந்த ஆறுகளைப் பக்கத்தில் உள்ள பால்மாப் பேணி மூடிக்குள் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப உருட்டவேண்டும். ஐந்தும் மூடிக்குள் வந்ததும் "முடிஞ்சுது!" என்று கத்தவேண்டும். அவ்வளவுதான். மூடி முக்கியம் மாமி. அது இல்லாவிட்டால் ஒதுக்கின ஆறையும் பிள்ளை சேர்த்து அள்ளி உருட்டிவிட்டு, பிறகு தேடும். கத்தியதும் எல்லாரும் கையை எடுத்துவிட்டு மூடியைப் பார்க்கவேண்டும். அவசரத்தில் ஐந்து விழுந்த கட்டை ஒன்றும் உள்ளே போயிருக்கும். அப்படியென்றால் அந்தக் கட்டை மட்டும் வெளியே வரும், ஆட்டம் தொடரும். தண்டனை வைக்காதேங்கோ, வைத்தால் பிள்ளை ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து எண்ணத் தொடங்கும், வேகம் போய்விடும். வரம்பில் சரிந்து நிற்கும் கட்டை செல்லாது, திரும்ப உருட்டவேண்டும். இதை முதலே சொல்லிவிடுங்கோ. சண்டை வருவது அதிகமாக இந்த இடத்தில்தான்.

ஐந்து கட்டையும் ஆறாக, சராசரியாகப் பதின்மூன்று உருட்டல் ஆகும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும். நாலு வயதுக்கு ஒரு உருட்டலுக்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். எனவே சமப்படுத்த வேண்டும், இதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். சின்னவளுக்குக் கட்டையைக் குறைத்துக் கொடுப்பார்கள். ஐந்துக்குப் பதில் மூன்று கட்டை கொடுத்தாலும் சராசரி பத்தரை உருட்டல் வேண்டும். பெரிய உதவி இல்லை, ஏனென்றால் கடைசிக் கட்டைதான் நேரத்தைத் தின்கிறது. அது ஒன்றுக்கே சராசரி ஆறு உருட்டல் போய்விடும். அதைவிட, அவளுக்கும் ஐந்து கட்டை கொடுத்து, ஆறு விழுந்தாலும் ஒன்று விழுந்தாலும் எடுத்து வைக்கலாம் என்று சொல்லுங்கோ. சராசரி ஆறு உருட்டலாகக் குறையும். அவளின் மெதுவான ஆறும் பெரியவனின் வேகமான பதின்மூன்றும் கிட்டத்தட்டச் சமம். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கத் தேவையில்லை. ஒன்பது வயது அதைக் கண்டுபிடித்துவிடும், பிறகு அந்த வெற்றிக்கு மதிப்பில்லை.

ஒன்றும் ஆறும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வயதில் மூன்று புள்ளி வரைதான் எண்ணாமல் பார்த்தவுடன் பிடிபடும். நாலும் ஐந்தும் குழம்பும், ஐந்தும் ஆறும் குழம்பும். ஒற்றைப் புள்ளி குழம்பவே குழம்பாது. ஆறு, இரண்டு வரிசை என்று உருவமாய்ப் பழகிவிடும். அவளின் கட்டைகளில் ஆறாம் பக்கத்தைச் சிவப்புக் கியூட்டெக்ஸால் குறித்துக் கொடுத்தால் முதல்நாளே ஓடுவாள். அவள் பார்த்துக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் இருந்து "ஆறு, ஆறு!" என்று சொல்லிக் கொடுக்காதேங்கோ. பார்த்துச் சொல்லும் அந்த இரண்டு விநாடிதான் அவளின் விளையாட்டு.

வென்றவர் அடுத்த சுற்றின் எண்ணைச் சொல்லலாம். "இனி மூண்டு!" என்றால் எல்லாரும் மூன்றைத் தேடவேண்டும். ஒண்டு, ரெண்டு, மூண்டு எல்லாம் இரண்டு நாளில் வாயில் வந்துவிடும், தமிழ் எண் படிப்பிப்பதாக ஒருவருக்கும் தெரியாது.

ஒவ்வொருத்தரும் தனித்தனியாக வெல்லப் பார்ப்பது சலித்தால், அல்லது சின்னவள் களைத்தால், எல்லாரும் ஒரு பக்கம் சேருங்கோ. நீங்கள் எதிர்ப் பக்கம். மூன்று பிள்ளைகளின் பதினைந்து கட்டையும் ஆறாக முன்னர் நீங்கள் நூறு எண்ணி முடித்துவிட்டால் உங்களுக்கு வெற்றி. சராசரி பத்தொன்பது சுற்று ஆகும், எனவே நூறு என்பது ஒரு விநாடிக்கு ஒன்று என்ற அளவில் நெருக்கமான போட்டி. முடித்தவர் மற்றவரின் கட்டையை எடுத்து உருட்டி உதவலாம். அண்ணா தங்கச்சிக்கு உதவுவதை இந்த ஆட்டத்தில் கேட்காமலே பார்க்கலாம்.

இன்னொரு பென்சில் ஆட்டமும் இருக்கிறது. வட்டமாக இருந்து ஒரே கட்டையை வலப்பக்கமாகக் கைமாற்றி உருட்டவேண்டும். நடுவில் ஒரே ஒரு பென்சில். ஆறு விழுந்தவர் அதை எடுத்துத் தன் தாளில் எழுதத் தொடங்குவார், மற்றவர்கள் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். வேறொருவருக்கு ஆறு விழுந்ததும் பென்சிலை வைத்துவிடவேண்டும். ஆறு வயதுக்கு அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்து, ஒன்பது வயதுக்கு 1 முதல் 50, சின்னவளுக்குப் பத்து வட்டம். மூன்று விநாடிக்கு ஓர் உருட்டல் என்றால் எழுதக் கிடைப்பது சராசரி இருபது விநாடிக்குக் கிட்ட. சிலவேளை அடுத்த உருட்டலிலேயே பறிபோகும், அதுதான் சுவை. பென்சிலைக் கையிலிருந்து கைக்குப் பறிக்க விடாதேங்கோ, கூர் கண்ணில் படும். எழுதுபவர் நிலத்தில் வைக்கவேண்டும், அடுத்தவர் அங்கிருந்து எடுக்கவேண்டும். கூர் இல்லாத தடித்த கிறையோன் இன்னும் நல்லது.

அயல் பிள்ளைகளும் வந்து ஏழெட்டுப் பேர் ஆனால் கட்டை காணாது. அப்போது எதிரெதிரே இருக்கும் இருவரிடம் ஒவ்வொரு கட்டை கொடுத்து, ஐந்தோ ஆறோ விழுந்தால் வலப்பக்கம் தள்ளச் சொல்லுங்கோ. இரண்டு கட்டையும் ஒருவரிடம் வந்து மாட்டினால் அவருக்கு ஒரு புளியங்கொட்டை. மூன்று கொட்டை சேர்ந்தால் அந்த ஆட்டம் முடிந்தது, எவரையும் வெளியேற்றத் தேவையில்லை.

கட்டை என்றால் சூது என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். காசும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம், பந்தயமாக எதையும் வைக்காதேங்கோ. வென்றவர் அடுத்த எண்ணைச் சொல்வதே பிள்ளைக்குப் போதும்.

ஒரு இருப்பில் ஆறேழு சுற்று. பதினைந்து நிமிடம் கடந்தால் சின்னவள் கோப்பையைத் தலையில் கவிழ்க்கத் தொடங்குவாள், அது களைப்பு. "இன்னொண்டு, இன்னொண்டு" என்று கேட்கும்போதே எழும்பி விடுங்கோ, பின்னேரம் தாங்களே பேணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பக்கத்து வீட்டுப் பத்து மாதக் குழந்தை உங்கள் விறாந்தையில்தான் தவழ்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 16 மில்லிமீற்றர்க் கட்டையும் புளியங்கொட்டையும் தொண்டையில் அடைக்கும் அளவு. பிள்ளைகள் கொட்டையை மூக்குக்குள்ளும் ஓட்டுவார்கள். கொட்டை தீர்ந்தால் குன்றிமணியை எடுக்கவே எடுக்காதேங்கோ, விதை நஞ்சு. ஆட்டம் முடிந்ததும் ஒன்பது வயதுக்காரனிடம் எண்ணச் சொல்லுங்கோ: இருபது கட்டை, எடுத்த அத்தனை கொட்டை. எல்லாம் பேணிக்குள் போய் மூடி இறுகிய பிறகு குழந்தையைப் பாயில் விடுங்கோ. ஒன்று குறைந்தால் முதலில் சுளகுக்குக் கீழே பாருங்கோ, பிறகு பாயைத் தூக்கி உதறுங்கோ.

அன்புடன்,
உங்கள் மருமகள்