கையால் செய்த கருவியும் கருவிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கம்பெனிக் கருவி இல்லாத தெருவோரப் பட்டறைகளில் சுத்தியலையும் உளியையும் வைத்து இன்ஜினைப் பிரிப்பதால்தான் நல்ல வண்டிகள் பாழாகின்றன என்று அதில் எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. சுத்தியல், உளி பற்றிச் சொன்னது சரி. அதற்கு வழி கம்பெனிக் கருவி மட்டும்தான் என்பது சரியில்லை. இரண்டுக்கும் நடுவே, வேலைக்குத் தகுந்த மாதிரி பட்டறையிலேயே செய்துகொள்ளும் கருவி என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் பாதி அறிவு அதில்தான் அடங்கியிருக்கிறது.

யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. இன்றும் ஊருக்கு ஊர் ஓடுகிறது. அதன் இன்ஜினைப் பிரிக்க அன்றைக்கு டீலரிடம் இருந்த கருவிப் பெட்டி இன்று எங்கே கிடைக்கும்? வண்டி மட்டும் நிலைத்திருக்கிறது. அதற்கான கருவியை நாங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

கிளட்ச் பிளேட்டுகள் உட்காருகிற பல் சக்கரமான கிளட்ச் ஹப்பின் நடு நட்டைக் கழற்றும்போது ஹப் கூடவே சுற்றும். பலர் உள்ளே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து முட்டுக் கட்டுவார்கள். அலுமினிய ஹப்பின் பல் உடைந்துவிடும். தேய்ந்துபோன பழைய ஸ்டீல் கிளட்ச் பிளேட் ஒன்று எந்தப் பட்டறை மூலையிலும் கிடக்கும். ஒன்றரை அடி நீள இரும்புப் பட்டையை அதன் மேல் வைத்து வெல்டு அடித்தால் ஹப்பின் பற்களில் கச்சிதமாக உட்காருகிற பிடி தயார். அந்தப் பற்களுக்காகவே வெட்டப்பட்ட பிளேட் என்பதால் ஒரு முடி இடைவெளிகூட இருக்காது. பட்டையும் வெல்டிங் கூலியும்தான் செலவு.

பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கிற குழல் போன்ற பிஸ்டன் பின் இன்னொரு உதாரணம். கரி பிடித்து இறுகிய பின்னை ஒரு பக்கமிருந்து பஞ்ச் வைத்து அடித்தால், அந்த அடி முழுவதும் கனெக்டிங் ராடுக்குத்தான் போகும். ராடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் போதும், புதிய பிஸ்டன் ஒரு பக்கமாகவே தேயத் தொடங்கும். அதற்குப் பதில் நீளமான மரைக்கம்பி ஒன்றைப் பின்னுக்குள் விட வேண்டும். ஒரு முனையில் பின்னைவிடச் சற்றே சிறிய வாஷர், மறு முனையில் பின் நுழைகிற அளவுள்ள பாக்ஸ் ஸ்பேனர். பிஸ்டனில் கோடு விழாமலிருக்க பாக்ஸுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு. பின்னைப் பூட்டியிருக்கும் வளையமான சர்க்ளிப் இரண்டையும் எடுத்துவிட்டு நட்டை முறுக்கினால் பின் சத்தமில்லாமல் பாக்ஸுக்குள் வந்துவிடும். ராடுக்கு ஒரு அடியும் இல்லை.

கிராங்க் தண்டின் முனையில் சுற்றுகிற காந்தச் சக்கரமான மேக்னட்டும் அப்படித்தான். இழுத்துக் கழற்றுகிற இரண்டு கால் புல்லரை அதன் விளிம்பில் மாட்டி இழுத்தால் விளிம்பு கோணலாகும், உள்ளே காந்தம் விட்டுப்போகும். நடுவில் உள்ள மரையின் அளவை எடுத்து லேத் பட்டறையில் கொடுத்தால் புல்லர் கடைந்து தருவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் மோட்டார் பம்ப் உதிரிபாகம் கடைகிற லேத் தெருவுக்குத் தெரு உண்டு. பெரிய வேலைகளுக்கு நடுவே இதையும் செய்து கொடுக்கிறவர்களை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இன்ஜினின் வெளிக்கூடான கேஸைப் பிரிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அநியாயம் அதிகம் நடப்பது அங்கேதான். இரண்டு பாதிகளும் சேரும் முகத்தில் உளியை நுழைத்து நெம்புகிறார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் இருக்கிற அறையும் காற்றையும் பெட்ரோலையும் இழுத்துத் தள்ளுகிற ஒரு பம்ப்தான். உளி போட்ட கீறல் வழியே வெளிக்காற்று உள்ளே புகும், பெட்ரோல் விகிதம் குறையும், சூடு ஏறும், ஒரு நாள் நெடுஞ்சாலையில் பிஸ்டன் பிடித்து வண்டி நின்றுவிடும். மெக்கானிக் ஆயிலைக் குறை சொல்வார், வண்டிக்காரர் பிஸ்டன் கம்பெனியைக் குறை சொல்வார். ஒரு கனமான பட்டையில் மூன்று துளை போட்டு, இரண்டு ஓர போல்ட்டுகளைக் கேஸில் உள்ள மரைகளில் மாட்டி, நடு போல்ட்டால் கிராங்க் முனையை மெதுவாக அழுத்தினால் கேஸ் தானாக விலகும். கனத்த தகடு கிடைத்தால் அரை நாளில் முடிகிற வேலை.

பேரிங் மாற்றவும் சுத்தியல் வேண்டாம், சூடு போதும். அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 6304 என்ற எண்ணுள்ள பேரிங்கின் வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள அலுமினியக் குழி கொதிநீரின் சூட்டுக்கு வரும்போது சுமார் 0.08 மில்லிமீட்டர் விரிகிறது. புதிய பேரிங்கை முதல் நாள் இரவே ஃபிரீஸரில் வைத்துவிட்டால் அதுவும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். பிரியாணி அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கேஸை முக்கி எடுத்துத் துடைத்துவிட்டு, பேரிங்கை வைத்தால் பெரும்பாலும் கையாலேயே உட்காரும். தயங்கினால் பழைய பேரிங்கின் வெளி வளையத்தை மேலே வைத்துத் தட்டலாம். கேஸ் வெல்டிங் தீயை ஒரே இடத்தில் காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள், இன்ஜின் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

கையில் செய்த எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கிராங்க் சுற்றாமலிருக்க ஸ்பார்க் பிளக் துளை வழியே நைலான் கயிற்றை விட்டுப் பிஸ்டனை நிறுத்துகிற வழி பலருக்குத் தெரியும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், கயிற்றின் முனை வெளியே இருக்கும்படி செய்தால் அது அருமையான வழி. அதையே டூ ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸில் செய்தால் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் என்கிற திறப்புக்குள் கயிறு நுழைந்து, பிஸ்டன் விளிம்பில் நசுங்கி அறுந்து மாட்டிக்கொள்ளும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் ஆயில் பம்பைச் சுற்றுகிற வார்ம் நட்டு இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாதவர் கையில் எந்தக் கம்பெனி ஸ்பேனர் இருந்தும் அதை உடைத்துத்தான் வைப்பார்.

என் கணக்கு இதுதான். பிடிக்கிற கருவி, இழுக்கிற கருவி, அழுத்துகிற கருவி எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். அளக்கிற கருவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். புல்லட் 350-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர். அதில் பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளி ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளக்கில் தீப்பொறியைத் தூண்டுகிற பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. இதைப் போஸ்ட் கார்டை மடித்து வைத்துப் பார்க்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்றும் விலை அதிகமில்லை. போர் போட்டு வந்த சிலிண்டரை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் பிஸ்டனை இறக்குவது வண்டிக்காரருக்குச் செய்கிற துரோகம்.

நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சுக்கு மட்டும் விலக்கு தரலாம். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசைச் சொல்கிறேன். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இறுக்கம் 3 கிலோகிராம்-மீட்டர் (kgf-m) என்று போட்டிருந்தால், நட்டின் நடுவிலிருந்து ஸ்பேனரில் 30 சென்டிமீட்டர் அளந்து, அந்த இடத்தில் தராசை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக 10 கிலோ காட்டும் வரை இழுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்குதான் இது. ‘கை அளவில்’ முறுக்கி ஹெட் பேக்கிங் கசியவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

என்னிடம் தொழில் பழகும் பையன் ஒருவன், தான் படிக்கிற தொழிற்பயிற்சி மையத்துக்குத் தானே செய்த பிஸ்டன் பின் புல்லரைக் கொண்டுபோனான். அங்கே அதைப் பார்த்தவர், இது பட்டியலில் இல்லை என்று சொல்லிப் பழைய இரும்போடு போடச் சொல்லிவிட்டார். அதன் அளவை எப்படி எடுத்தாய், வாஷரை ஏன் சிறிதாகப் போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். ஃபிட்டர் படிப்பில் பிள்ளைகளை இரும்புத் துண்டைச் சதுரமாக அராவ வைக்கிறார்கள். அந்தத் துண்டையே ஒரு புல்லராக அராவச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? தேர்வு முடிந்ததும் அதை அவர்கள் வேலைக்கே எடுத்துப் போகலாமே.

இன்னொரு கவலையும் இருக்கிறது. எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்த கருவிகள் எடைக்குப் போகின்றன. எது எந்த வண்டிக்கு, எந்த அளவு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது வெறும் துருப்பிடித்த இரும்பு.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு மெக்கானிக், தான் செய்த ஒரு கருவி, அதன் படம், அளவு, எந்த வண்டியில் பயன்படும், எதில் பயன்படுத்தக் கூடாது என்று போடுங்கள். கடைசியாகச் சொன்னதை எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். முதல் வாரத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கிளட்ச் பிடியையும் கேஸ் பிரிக்கும் பட்டையையும் அளவுகளோடு தாளில் வரைந்து இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இருசக்கர வாகன மெக்கானிக்,
தாராபுரம்.