எங்கள் குளத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மதியம் எங்கள் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. பிசான நெல் சாகுபடிக்கு இனிக் கவலை இல்லை. குளத்தை அடைத்துக்கொண்டிருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றும் வேலை ஐப்பசி மழைக்கு முன்னால் முடியுமா என்று நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்ல மனம் வரவில்லை, நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

டீசலுக்குப் பணம் அனுப்பிய வெளியூர்ப் பிள்ளைகள், அனுமதிக்கு அலைந்த அண்ணாச்சிமார், முள் குத்திய காலோடு மறுநாளும் வந்து நின்ற கல்லூரித் தம்பிகள், குடம் குடமாக மோர் கொண்டுவந்த மதினிமார், ராத்திரியிலும் வண்டியை விட்டு இறங்காத ஜேசிபி தம்பி, எல்லோருக்கும் ஊரே கடமைப்பட்டிருக்கிறது.

கீழத்தெரு ஆச்சியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். சீமைக்கருவேல விறகு வெட்டி விற்றுத்தான் அவர் பிழைக்கிறார். வேண்டாம் என்று வந்து மறித்திருந்தால்கூட அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வந்தது, தன் பழைய சேலையை நாடா நாடாவாகக் கிழித்து எடுத்துக்கொண்டு. புதருக்குள் புகுந்து, ஊடே நின்ற நாட்டுக் கருவேல மரங்களைத் தேடித்தேடி அந்தத் துணியைக் கட்டினார். "துணி கெட்டியிருக்கதத் தொட்டுராதய்யா" என்று ஜேசிபி தம்பியிடம் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

எங்களுக்கு எல்லாம் ஒரே முள்ளாகத்தான் தெரிந்தது. ஆச்சிதான் காட்டித் தந்தார். நாட்டுக் கருவேலத்தில் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும். காய் சாம்பல் பூத்து, விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை போலத் தொங்கும். சீமைக்கருவேலத்தில் பூ விரல் நீளத்துக்குக் கதிராக வரும். அதன் காய் இனிக்கும் என்பதால் ஆடு விரும்பித் தின்னும், அப்புறம் அது புழுக்கை போடும் இடமெல்லாம் முளைக்கும். மேலே வெட்டினால் அடித்தூரில் மறுபடி துளிர்க்கும், வேரோடு தோண்டினால்தான் சரி.

அந்நியத் தாவரங்களை அகற்றுவதோடு நம் மரங்களை மீட்கவும் வேண்டும் என்று 2022-இல் வந்த அரசுக் கொள்கையும் சொல்கிறது. துணி கட்டிய மரங்களை நேரில் பார்த்த பிறகுதான் அது என் மனதில் பதிந்தது.

ஏலம் போக மிஞ்சும் தூர்களை ஆச்சி வீட்டில் இறக்கிவைப்பது என் பொறுப்பு. கரையில் நீர்மருதும் புங்கையும் வைப்போம். இனி ஒவ்வொரு மழைக்கும் பிறகு, மண் ஈரமாக இருக்கும்போதே, கரையிலும் வாய்க்காலிலும் முளைக்கும் சீமைக் கன்றுகளைப் பிடுங்க நான் வருவேன். முடிந்தவர்கள் வடக்கு மடைக்கு வாருங்கள். எது நாட்டுக் கன்று என்று காட்டித் தர ஆச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.