நிலத்தடி நீர் கெடுமுன் கணிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊருணி நீரைக் குடித்த செட்டிநாட்டு ஊர்கள் பலவும் இன்று ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கையில், புளோரைடு மிகுந்த நீரால் பிள்ளைகளின் பல்லில் கறை தெரிந்த பிறகு நீரைச் சோதிப்பது மிகவும் காலம் தாழ்ந்த செயலாகும்.

காரத்தன்மையும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் கால்சியம், கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமமாகப் படிந்து குறையக் குறைய, பாறையிலுள்ள புளோரைட் என்னும் கால்சியம் புளோரைடு கனிமம் மேலும் கரைந்து நீரில் புளோரைடு ஏறுகிறது. இந்த வேதிச் சமநிலையைப் புவிவேதியியல் கணிப்பு முறை கணக்கிட்டுத் தருகிறது. அதனுடன் கிணற்றின் ஆழம், பாறை வகை, நிலப் பயன்பாடு ஆகிய தரவுகளையும் சேர்த்து தரவிலிருந்து தானே பயிலும் கணினி முறையான இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்தால், சோதிக்கப்படாத கிணறுகளில் குடிநீரில் புளோரைடுக்கான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பு எங்கே மீறப்படலாம் என மதிப்பிட முடியும். நிலத்தடி நீரைக் கெடுக்கும் மற்றொரு பொருளான நைட்ரேட்டுக்குப் பெரும்பாலும் உரமும் கழிவுநீருமே காரணம் என்பதால், அதைத் தனியே கணிக்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் கடும்பாறைப் பகுதியும் படிவுப்பாறைப் பகுதியும் இருப்பதால், ஒன்றின் தரவில் பயின்ற கணிப்பை மற்றொன்றில் அப்படியே நம்பக் கூடாது என்பதை வலியுறுத்துகிறேன். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் அவற்றின் துணையோடு ஊராட்சிதோறும் மழைக்கு முன்னும் பின்னும் நீரைச் சோதித்து, முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி