பாங்காக்கிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பா,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். சொங்க்ரான் புத்தாண்டுக்கு நீ மட்டும் வந்துவிட்டுப் போனதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு வேலை இருந்திருக்கும். போன வாரம் என் பாஸ்போர்ட்டைத் தேடும்போது பார்த்தேன், பீரோவில் உன் கல்யாணச் சான்றிதழ் இருந்த பச்சை உறை காலியாகக் கிடந்தது. உன்னுடையதுதானே, எடுத்துக்கொள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கடைக்கு வரும் வக்கீல் ஒருவரிடம், தெரிந்தவர் வீட்டுப் பெண்ணுக்கு என்று சொல்லிச் சில விஷயங்கள் விசாரித்தேன். உனக்கு எதற்கு இதெல்லாம்? உன் ஆபீஸில் யாருக்காவது உதவும், படித்து வை.

இருவரும் சம்மதித்துப் பிரிந்தால் கோர்ட் படி ஏற வேண்டாமாம். எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, கேத் என்கிற வட்டார ஆபீஸில் பதிந்தால் போதும். அந்த வேகத்தில்தான் ஆபத்து. சொத்து விஷயத்தையும் அந்தப் பதிவிலேயே சேர்த்து எழுதுவார்கள். சலித்துப்போய் 'பங்கிட ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெண் அப்படிச் செய்யக்கூடாது. சனோட் என்கிற நிலப் பத்திர நம்பர், கார் நம்பர், பாங்கிக் கடன் எல்லாம் தாளில் ஏறிய பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

கல்யாணத்துக்குப் பின் சேர்ந்தது சின் சோம்ரோட், அதாவது இருவரின் பொதுச் சொத்து. பத்திரம் யார் பேரில் இருந்தாலும் 1533ஆம் பிரிவுப்படி சரிபாதி. சந்தேகம் வந்தால் பொதுச் சொத்து என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், தன்னுடையது என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் வீடு அவர் பேரில் மட்டும் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதை விற்கவோ அடமானம் வைக்கவோ மனைவி சம்மதமும் வேண்டும். சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினால் உடனே போட்டுவிடாதே. உன் பாட்டி காலத்தில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. 1976இல்தான் சரிபாதி ஆனது. குடும்பத்துக்கு வாங்கிய கடனும் பாதிதான், அதையும் மறக்கக்கூடாது. பிக்கப் கடன் இன்னும் எத்தனை தவணை பாக்கி?

நிச்சயத்துக்குப் போட்ட தங்கம் உனக்குத்தான். பாட்டி உனக்கு எழுதி வைத்த சந்தபுரித் தோட்டமும் உன் சின் சுவன் துவா, அதாவது தனிச் சொத்து, அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் இதைக் கேள். தனிச் சொத்திலிருந்து வரும் தோக்போன் பொதுச் சொத்தாம். தாய்லாந்து மொழியில் அதற்குப் பூவும் காயும் என்றுதானே அர்த்தம்? வாடகை, வட்டி எல்லாம் அதில் அடக்கம். ஆக, துரியான் மரம் உன்னுடையது, காய் விற்ற காசு இருவருடையது! எந்த வருஷத்துக் காசு எந்தக் கணக்குக்குப் போனது என்று எழுதி வை. ஊரார் கம்பெனிக் கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிறாய். மகேசாக் ரோட்டில் நான் அதைச் சொல்லிப் பீற்றாத ஆள் கிடையாது. சொந்த வீட்டுக் கணக்கு என்றால் மட்டும் 'அவர் பார்த்துக்கொள்கிறார்' என்பாய். எதிலும் கையெழுத்துப் போடாதே.

இதையெல்லாம் அன்று ராத்திரி அம்மாவிடம் ஒப்பித்தேன். மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இந்தச் சட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன்?" என்றாள்.

எங்களுக்கு மாரியம்மன் கோவிலில் மாலை மாற்றியதோடு சரி என்பது உனக்குத் தெரியும். தூதரகத்தில் காகிதம் தரவில்லை, அதனால்தான் பதியவில்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். பொய் பாப்பா. நான் கேட்கவே போகவில்லை. திருச்சியிலிருந்து பட்டை தீட்ட வந்தவன், கையில் நாலு நீலக்கல் சேர்ந்ததும், பதிந்தால் பாதி போய்விடுமே என்று கணக்குப் போட்டேன். அவள் நூடுல்ஸ் வண்டி தள்ளிய காசில்தான் அதில் முதல் கல்லை வாங்கினேன். பதியாத கல்யாணத்தை இங்கே சட்டம் கல்யாணமாகவே எண்ணாது. உயில் இல்லாமல் நான் கண்ணை மூடினால் அவள் என் வாரிசு இல்லை. இத்தனை வருஷம் அவளுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது.

நேற்று தூதரகத்துக்குப் போய்க் காகிதத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மணமாகாதவன் என்று என் கையால் எழுதும்போது கூசியது. பதிவு பாங்ரக் கேத் ஆபீஸில்தான். காதலர் தினத்தன்று நீங்கள் விடியுமுன் வரிசையில் நின்றீர்களே, அதே இடம். இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நீ. அடையாள அட்டையை மறக்காதே. மாப்பிள்ளை வந்தால் வரட்டும், வராவிட்டால் கீழ்வீட்டு அக்கா இருக்கிறாள். தேதி முடிவானதும் போன் செய்கிறேன், அதற்குள் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அப்பா