மகனுக்கு, வேன் இழுக்காத விசயமா

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுறது.

அம்மாவுக்கு முட்டு வலி அப்படியேதான் இருக்கு. இங்க மழை விடல. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல.

கினிகத்தேனை ஏத்தத்தில வேன் மூணாவது கியர்ல இழுக்கல, என்ஜினைப் பிரிச்சு ஓவரோல் பண்ணணும்னு கராஜ்ல சொல்லிட்டாங்கன்னு தங்கச்சிக்கு மெசேஜ் போட்டிருக்க. எனக்குப் போடல, சரி. என்ஜினைத் திறக்க மட்டும் விடாத.

முதல்ல புகையைப் பாரு. முழுசா மிதிச்சும் இழுக்காம, புகையும் வரலன்னா டீசல் பத்தல. கறுப்புன்னா காத்து அடைப்பு, இல்ல டீசல் தெளிக்கிற நொசில் பழுது. நீலம்னா ஒயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளையா வந்தா டீசல் பம்ப் டைமிங் பிந்தியிருக்கு, இல்ல கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்குற அழுத்தம், குறைவு. உன் ஹயஸ் 3எல் என்ஜினுக்குக் காத்தை அமுக்கி உள்ள தள்ளுற டர்போ இல்ல. நுவரெலியா 1,868 மீற்றர், அங்க காத்து கீழ இருக்கிறதை விட ஏறத்தாழ ஆறில ஒரு பங்கு குறைவு. அங்க கொஞ்சம் கறுப்பா வந்தா பயப்படாத. கீழ கித்துல்கலயிலயே வந்தா எயார் ஃபில்டரைக் கழட்டிப் பாரு.

டீசல் ஃபில்டர் அடியில இருக்கிற தண்ணித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தல்ல பிடி. கொஞ்ச நேரம் வச்சா தண்ணி அடியில தங்கி, கோடு மாதிரி பிரிஞ்சு தெரியும். ஃபில்டரை எப்ப மாத்தினன்னு ஞாபகம் இல்லன்னா புதுசு போடு. ஃபில்டர் தலையில இருக்கிற கைப் பம்ப்பை இறுகுற வரைக்கும் அமுக்கு. அதுக்கும் சரி வரலன்னா, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில உள்ள ஓடுறது தெரியிற ட்யூப் ஒண்ணைப் போட்டு ஓட விடு. குமிழி ஓடினா எங்கயோ காத்து இழுக்குது. பழைய ரப்பர் ஹோஸ் டீசல் ஒழுகாமலே காத்தை உள்ள விடும், அதனாலதான் வெளிய ஈரம் தேடி ஏமாந்து போவாங்க. ஏத்தத்தில இழுக்காம நிக்கும்போது டாங்க் மூடியைத் திறந்து பாரு. ‘உஸ்’னு சத்தம் வந்து, பிறகு இழுத்தா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு.

லீசிங் ஆள் ஒருத்தன் லயத்துப் பக்கம் வந்து வேன் எங்கன்னு விசாரிச்சான். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னான். நானும் ஒண்ணும் கேட்கல.

வேனுக்குள்ள கட்டிலும் அலமாரியும் நீயே அடிச்சதைப் பக்கத்து லயமெல்லாம் வந்து பார்த்துட்டுப் போச்சு. ஆனா அந்தப் பாரத்தையும் நினைக்கணும். 60 லீற்றர் தண்ணி 60 கிலோ, மலை ஏறுறப்ப பாதி போதும். நீ ஒட்டின கார்ப்பெட் மடிஞ்சு எக்ஸலேட்டர் பெடலுக்கு அடியில சிக்குதான்னு பாரு. ஒருத்தரைப் பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கச் சொல்லிட்டு, சீட்டைத் தூக்கிப் பம்ப் லீவர் கடைசித் திருகில போய்த் தொடுதான்னு நீயே பாரு. தொடலன்னா கேபிள் நீண்டிருக்கு, ஒரு ஸ்பேனர் வேலை. என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராட்டி கிளட்ச். கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தினதும் ஒரு சில்லு மட்டும் கொதிச்சா பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் கம்ப்ரஷன். என்ஜினைச் சூடாக்கி, ஸ்டார்ட் பண்றப்ப சூடு குடுக்கிற க்ளோ பிளக் நாலையும் கழட்டி, டீசல் வராம இருக்க பம்ப் சொலனாய்டு வயரையும் கழட்டிட்டு அளக்கணும். புதுசுல சதுர சென்றிமீற்றருக்கு 32 கிலோ அளவில இருக்கும். 20க்குக் கீழ போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 5க்கு மேல வித்தியாசம் வந்தாலோதான் ஓவரோல் பேச்சு. அளந்து பார்க்காம ஓவரோல்னு சொல்றவன்கிட்ட வண்டியை விடாத. அதுக்குன்னு இன்னொரு கடனும் எடுக்காத. பெரிய மாமா லொறி விசயம் உனக்குத் தெரியும். மறுபடியும் சொல்றேன், என்ஜினைத் திறக்க விடாத.

நாலு சிலிண்டர் அளவையும் எழுதி எனக்கே அனுப்பு, தங்கச்சிக்கு வேணாம். அதோட லீசிங் புத்தகத்தையும் படம் எடுத்து அனுப்பு. எத்தனை மாசம் நிக்குதுன்னு பார்த்துப் பேசுவோம்.

அப்பா