மீண்டும் அச்சேறிய எங்கள் இதழுக்காக ஒரு நன்றி மடல்

அன்புக்குரிய உங்கள் அனைவருக்கும்,

கடந்த ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வந்தபோது, ஆலய வாசலுக்கு அப்பால் வீதியோரத்தில் போட்டிருந்த சிறிய மேசையில் எங்கள் இதழ் மீண்டும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. முப்பத்திரண்டு பக்கங்கள், நடுவில் இரண்டு கம்பித் தைப்பு. 2022இன் முற்பகுதியில், கொழும்பின் பெரிய நாளிதழ்கள் சிலவே தாள் இல்லாமல் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தி, மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளும் அதே காரணத்துக்காகத் தள்ளிவைக்கப்பட்ட நாட்களில், திருகோணமலையில் நாங்களும் அச்சை நிறுத்தினோம். ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் அன்று சொல்லிக்கொண்டோம். ஆனால் மாதங்கள் ஆண்டுகளாயின. அந்த இடைவெளி முடிவுக்கு வரக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். அவர்களில் பலர் பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் எவரது பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, மூதூர்ப் பக்கத்துக் கடலோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த அம்மா ஒருவருக்கு. 2021 ஒக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் கூட்டியக்கத் திருஅவைக்கான, அதாவது எல்லாரும் சேர்ந்து நடக்கும் திருச்சபைக்கான, ஆயர் மாமன்றப் பயணத்தைத் தொடக்கிவைத்து, உலகெங்கும் பங்கு மக்களின் கருத்தைக் கேட்கச் சொன்னபோது, தம் பங்கில் நடந்த கூட்டங்களில் பெண்கள் சொன்னதையெல்லாம் அவர் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். மீன் விற்ற கணக்கு முன்பக்கத்திலும் கூட்டக் குறிப்புகள் பின்பக்கத்திலுமாக இருந்த அந்தக் கொப்பியின் ஓரங்கள் உப்புக்காற்றில் சுருண்டு போயிருந்தன. அதை என் கையில் தந்தபோது, “எங்களிட்ட வந்து கேட்டது இதுதான் முதல் தரம் தம்பி, கேட்டதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை” என்றார். 2023இல் உரோமையில் நடந்த மாமன்ற அமர்வில் பெண்கள் முதல் தடவையாக வாக்களித்தார்கள் என்பதும், 2024 ஒக்டோபர் 26ஆம் திகதி நிறைவேறிய இறுதி ஆவணம், திருஅவையில் தலைமைப் பணிகளை ஏற்பதிலிருந்து பெண்களைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை என்று கூறுகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிவிக்க வேண்டியவர்கள் நாங்கள். நாங்களோ அச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தோம். இதழை மறுபடி தொடங்குவதென்று அன்று மாலை மூதூரிலிருந்து திரும்பும் பேருந்திலேயே முடிவெடுத்தேன். அந்தக் கொப்பியிலிருந்து நான்கு பக்கங்கள், அவரது அனுமதியோடும் அவரது சொற்களிலேயும், முதல் இதழில் வெளிவந்துள்ளன.

திருச்சபைச் சட்டம் படித்த குருவானவர் ஒருவர் எங்களுக்காக மூன்று மாலைகளை ஒதுக்கினார். குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினர் தம் கருத்தை ஆயர்கள் முதலான மேய்ப்பர்களுக்கும் மற்ற நம்பிக்கையாளர்களுக்கும் தெரிவிக்க உரிமை மட்டுமல்ல, சில வேளைகளில் கடமையும் உண்டு என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 212ஆம் சட்டம் சொல்வதை வரி வரியாக விளக்கியவர் அவர். உரிய திருச்சபை அதிகாரியின் இசைவின்றி எந்த முயற்சியும் ‘கத்தோலிக்க’ என்ற பெயரைச் சூடக்கூடாது என்ற 216ஆம் சட்டத்தையும் அவரே சுட்டிக்காட்டினார். அதனால்தான் பழைய இதழின் முகப்பில் பெயருக்கு முன்னால் இருந்த அந்தச் சொல் இப்போது இல்லை. அதை எடுத்தது எங்கள் விசுவாசம் குறைந்ததால் அல்ல என்பதை, வருத்தத்தோடு கேட்டவர்களுக்கு இங்கே சொல்லிவைக்கிறேன். 1876 முதல் யாழ்ப்பாணத்தில் வெளிவரும் ‘பாதுகாவலன்’ போன்ற மறைமாவட்ட ஏடுகளின் இடத்தை நிரப்பவும் நாங்கள் வரவில்லை. மறைமாவட்டத்தின் ஏடு ஆயரின் குரலை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும். மக்கள் தம் மேய்ப்பர்களோடும் தமக்குள்ளும் மனம்விட்டுப் பேச ஒரு தாள் தனியே வேண்டும், அதன் செலவையும் அவர்களே சுமக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

இன்னொரு குருவானவருக்கு நன்றியோடு மன்னிப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அவரது பங்கின் கட்டட நிதியைப் பற்றி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நாங்கள் எழுதினோம். கணக்கில் பிழை இல்லை என்று பின்னர் தெரிந்து நாங்கள் இட்ட திருத்தம், கடைசிப் பக்கத்தின் மூலையில் மூன்று வரியாக இருந்தது. இதழ் மறுபடி வருகிறது என்று கேள்விப்பட்டு அவரே தொலைபேசியில் அழைத்து, பங்கு மனையில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் தந்தார். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் எதையும் அச்சிடுவதில்லை, பிழை எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வந்ததோ அதே பக்கத்தில் அதே அளவில் திருத்தமும் வரும் என்ற இரண்டு விதிகளையும் அந்த அறையில் இருந்துதான் எழுதினோம்.

ஒப்புநோக்கிய ஐயாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்து அச்சுக்கோப்பாளர் அவர். கணினித் திரையில் பார்க்க மறுத்து, தாளில் எடுத்துத் தரச் சொல்லி, அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். தமிழ் எழுத்தில் அச்சேறி இன்றும் கிடைக்கும் மிகப் பழைய நூல் 1578இல் கொல்லத்தில் வெளியான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற ஞானோபதேசம் (மறைக்கல்வி நூல்) என்பதை எங்கள் இளையவர்களுக்குச் சொல்லி, “அந்த வழியில் வந்த நாங்கள் சந்திப்பிழை விடலாமோ?” என்று கேட்டார். தாளைத் தவணைக்குத் தந்த கிண்ணியா முதலாளிக்கும், கூலியை இரண்டு தடவையாக வாங்கிக்கொண்ட அச்சகத்தாருக்கும், கனடாவிலும் இத்தாலியிலுமிருந்து சந்தா அனுப்பிய பிள்ளைகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பழைய இதழ்களைப் பாதுகாத்தவர்களை மறக்க முடியாது. எங்கள் சேகரத்தைக் கறையான் தின்றுவிட்டது. புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கியவரும், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் தம் சாரதியோடு காணாமற்போனவருமான இயேசு சபைத் துறவி யூஜின் எபேர் அடிகளாரைப் பற்றி மாணவர்கள் எழுதிய நினைவுகள் வந்த இதழ் எவரிடமும் இல்லையென்றே நினைத்திருந்தோம். பாலையூற்றிலிருந்து ஒருவர் அதைப் பொலித்தீன் உறையில் சுற்றிக் கொண்டுவந்தார். தைப்புக் கம்பி துருவேறி, நடுத்தாளில் இரண்டு செம்பழுப்புப் பொட்டுகளாகப் பதிந்திருந்தது. எழுத்தில் ஒன்றும் கெடவில்லை. அந்த நினைவுகளை அடுத்த இதழில் மறுபடி வெளியிடுகிறோம்.

கொப்பியைத் தந்த அம்மாவுக்கு முதல் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம் பக்கங்களை வாசித்து முடித்தவர், கொப்பியைத் திருப்பி வாங்க மறுத்து, அதில் இன்னும் ஆறு பெண்கள் சொன்னது மிச்சம் இருக்கிறது என்றார்.

நன்றியுடன்,
ஆசிரியர் குழுவின் சார்பில்,
திருகோணமலை