சின்னவன் சுபாங்குக்கு வருகிறான்

பட்டர்வொர்த்,
ஞாயிறு இரவு

மச்சான்,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கல்யாணத்துக்கு வந்தவன் வீடு போய்ச் சேர்ந்தேனா என்றுகூடச் சொல்லவில்லை என்று மீசையிடம் குறைப்பட்டாயாம். உனக்கு உரிமை உண்டு. நடுவில் இரண்டு முறை போனை எடுத்தேன். ஆனால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். எழுதினால் முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எனக்குச் சீனி கட்டுக்குள் இருக்கிறது. அவளுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதை விட்டுவிட்டாள். பெரியவள் ஜோகூரில் நன்றாக இருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சின்னவன், என் கடைக்குட்டி, ஹாக் போர் ஜெட்டை விட்டு இறங்குகிறான். சுபாங் விமானப்படைத் தளத்தில் ஏ400எம் டிரான்ஸ்போர்ட் விமானம் ஓட்டப் போகிறானாம். யாரும் மாற்றவில்லை, அவனாகவே எழுதிக் கேட்டிருக்கிறான். உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் எங்களிடம் சொன்னான்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அலோர்ஸ்டாரில் பிசி-7 பயிற்சி விமானம் முடித்ததும் ஜெட், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்களே, அன்றைக்கு ஜெட் கிடைத்தது என்று அவன் சொன்னதும் பிறை மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தவன் நான். அப்புறம் இரட்டை இருக்கை ஹாக் 108, அதிலிருந்து ஒற்றை இருக்கை ஹாக் 208. நான்கு விமானங்களை முன்னின்று கூட்டிப் போகிற தகுதியும் வாங்கிவிட்டான். 2023 லிமா விமானக் கண்காட்சியில் கையெழுத்தான 18 எஃப்ஏ-50எம் போர் ஜெட் வரப் போகிறது, கொஞ்சம் பொறுத்தால் அதில் ஏறலாம். இல்லையென்றால் அலோர்ஸ்டாருக்கே பயிற்றுநராகப் போகலாம். இரண்டையும் விட்டுவிட்டு, இத்தனை வருஷம் தனியாளாக ஓட்டியவன் இன்னொருவர் பக்கத்தில் வலது இருக்கையில் கோ-பைலட்டாக உட்காரப் போகிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் வேறு, ஏர்லைனுக்குத் தாவ ஏணி போடுகிறான் என்று பேசுகிறார்கள். அவனுக்கு அந்த எண்ணமே கிடையாது.

உன் முகம் எப்படிப் போகும் என்று தெரிகிறது. டிரான்ஸ்போர்ட் என்றால் அவ்வளவு இளப்பமா என்பாய். சுங்கை பீசி முகாம் நாளிலிருந்து, ஹெர்குலிஸ் டிரான்ஸ்போர்ட்டில் பறந்த உன்னை லாரிக்காரன் என்று கூப்பிட்ட வாய் இது. அதற்கு இப்போது மனதார மன்னிப்புக் கேட்கிறேன், மச்சான். நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், ஆனாலும் நான் சொல்லியிருக்கக் கூடாது.

போன வாரம் லீவில் வந்திருந்தான். அடுப்படியில் நின்று இடது கையில் குழம்புக் கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கிறான். வலது கை காற்றில் எதையோ தள்ளுகிறது. அவன் அம்மா, இடது கையால் சாமானைத் தொடாதே என்று சத்தம் போட்டாள். என்னடா இது என்றேன். ஹாக்கில் வலது கையில் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக், இடது கையில் இன்ஜின் வேகத்துக்கான த்ராட்டில் என்று விளக்கினான். ஏ400எம்மில் உன் ஹெர்குலிஸ் மாதிரி ஸ்டியரிங் போன்ற யோக் கிடையாது, பக்கவாட்டில் சின்ன ஸ்டிக்தான். வலது இருக்கையில் இருக்கும்வரை அவனுடைய பழைய கையே போதும். இடது இருக்கைக்கு, கேப்டனாகப் போகும் அன்றைக்குக் கை இரண்டும் இடம் மாறிவிடும். "இப்போதிருந்தே பழகினால்தான்பா கைக்குப் புரியும்" என்றான். உட்காரப் போவது வலது இருக்கை, அதற்குள் இடது இருக்கைக்குக் கை பழக்குகிறான். அந்த நிமிஷம்தான் இவன் இறங்கிப் போகவில்லை என்பது எனக்கு உறைத்தது.

புதிய விமானத்தைக் கற்பது ஒரு பாடு என்றால் பழையதை மறப்பது ஒன்பது பாடு. 1995-ல் மிக்-29 வந்தபோது நம் ஆட்கள் என்னென்ன சொன்னார்கள், நினைவிருக்கிறதா? மேற்கத்திய விமானத்தில் சாய்ந்தால், சாய்வைக் காட்டும் மானியில் அடிவானம் சாயும். ரஷ்ய முறையில் அடிவானம் அப்படியே நிற்கும், குட்டி விமானப் படம் சாயும். சாதாரணமாகப் பறக்கும்போது எவனும் சமாளித்துவிடுவான். மேகத்துக்குள் போய்த் தலை சுற்றும்போது மூளை பழைய பாடத்தைத்தான் எடுத்து நீட்டும். அதனால்தான் வகுப்பு, சிமுலேட்டர், பயிற்றுநரோடு பறத்தல், தேர்வு என்று மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். எத்தனை மணி நேரம் பறந்தவனாக இருந்தாலும் விலக்கு இல்லை. இறங்குவதையே எடுத்துக்கொள். ஹாக்கில் தரை கிட்டத்தட்ட மடிக்குப் பக்கத்தில். ஏ400எம்மில் கண் மாடி உயரத்தில் இருக்கும். இன்னும் உயரம் இருக்கிறது என்று கண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் தரையில் மோதிவிடும். இதெல்லாம் அவனே சொன்னது. சொல்லும்போது அவன் முகத்தில் பிசி-7 காலத்து வெளிச்சம்.

ஏன்டா என்று ஒரே ஒருமுறை கேட்டேன். 2024 ஆகஸ்டில் காயம்பட்ட பாலஸ்தீனர்களையும் குடும்பத்தாரையும், மொத்தம் 127 பேர், கெய்ரோவிலிருந்து சுபாங்குக்கு இரண்டு ஏ400எம் கூட்டிவந்ததே, அதைச் சொன்னான். "நான் எட்டு வருஷமாக, வராத சண்டைக்குத் தயாராகிக்கொண்டே இருக்கிறேன்பா. அது தேவைதான், யாராவது செய்துதான் ஆகவேண்டும். எனக்கு இனிமேல் ஆளை ஏற்றிக்கொண்டு வரவேண்டும்." அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

இது வரைக்கும் எழுதியது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இனி எழுதுவதை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

நான் யார் மச்சான்? சீட் ஃபிட்டர், ஆபத்தில் பைலட்டை வெளியே வீசிக் காப்பாற்றுகிற இருக்கையைப் பராமரித்தவன். 1994-ல் ஹாக் வந்த நாள் முதல் நான் கழற்றி மாட்டியது மார்ட்டின் பேக்கர் மார்க் 10. காலிடையில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிடி. இழுத்தால் மேல் கண்ணாடியில் ஒட்டிய வெடிக்கயிறு வெடித்துக் கண்ணாடி நொறுங்கும், இருக்கை ஆளைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். ஓடுபாதையில் அசையாமல் நிற்கும்போது இழுத்தாலும் ஆள் பிழைப்பான். அந்தக் கம்பெனி இருக்கைகள் உலகம் முழுக்க 7,000-க்கும் மேலான உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. இருக்கையை வெளியே தள்ளும் ஒவ்வொரு வெடிமருந்து கார்ட்ரிட்ஜின் காலாவதித் தேதியையும் இரண்டு முறை படிப்பேன். தவறி வெடிக்காமல் தடுக்கும் ஒவ்வொரு பின்னையும் சிவப்பு ரிப்பனோடு எண்ணி எண்ணி வைப்பேன். சின்னவன் ஹாக்கில் ஏறியபோது நான் ரிட்டயராகி வந்துவிட்டேன். ஆனாலும் ராத்திரி அவன் பறக்கிறான் என்று தெரிந்தால் கட்டிலில் படுத்துக்கொண்டே அந்த இருக்கையை மனதில் ஒரு தடவை கழற்றி மாட்டுவேன். எல்லாம் சரியாக இருக்கும். அப்புறம் தூங்கிவிடுவேன்.

ஏ400எம்மில் அந்த இருக்கை இல்லை.

எதுவந்தாலும் அவன் கடைசிவரைக்கும் உள்ளேதான் இருக்கவேண்டும். பின்னால் நூற்றுக்கு மேல் ஆள் உட்காருகிற விமானம். ஹெர்குலிஸில் நாலு இன்ஜினையும் காதாலேயே படிக்க நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய். இதில் ஃப்ளைட் இன்ஜினியர் கிடையாது. முன்னால் இரண்டு பைலட், பின்னால் சரக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ளும் லோட்மாஸ்டர். உன் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. ஒவ்வொரு இன்ஜினும் உன்னுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலம், ஒரே இறக்கையில் இருக்கும் இரண்டு புரொப்பெல்லரும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். புத்திக்கு எல்லாம் விளங்குகிறது. ராத்திரி படுத்தால் கை பழக்கத்தில் பின்னைத் தேடுகிறது, எண்ண ஒன்றும் இல்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ முப்பது வருஷம் அப்படி ஒரு பிடி இல்லாமல் பறந்தாய். லாபுவான் போகும் வழியில் மூன்றாம் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தீர்களே, அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது பாதிதான் என்று எனக்கு அப்போதே தெரியும். மீதியை அவனிடம் சொல். பயமுறுத்தினாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்தீர்கள், யார் முதலில் வாய் திறந்தது, யார் எதைத் தொடவில்லை, எல்லாம் சொல். தனியாளாகப் பறந்தவனுக்கு அதெல்லாம் புதுசு. அவன் உன்னை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவன், நீ சொன்னால் கேட்பான். சொல்லி முடித்துவிட்டு எனக்கும் எழுது.

அடுத்த மாதம் முதல் வாரம் சுபாங்கில் சேருகிறான். அந்தச் சனிக்கிழமை மாலை செந்தூலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தங்கச்சியிடம் மீன் தலைக் கறி வைக்கச் சொல், அவனுக்குப் பிடிக்கும். பழைய லாக் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வை. இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் திட்டாதே.

உன்
மச்சான்